அருணாசலத்தின் குலமும் இளமையும்

பெரியோர் ஒருவரின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் முதலில் அவருடைய குலமுறையைக் கூறுதல் நம்முடைய பழைய மரபு. சனகனது அவையிலே விசுவாமித்திர முனிவர் இராமனின் முன்னோரை வரிசையாக எடுத்துரைப்பதற்கென்றே கம்பர் ஒரு படலம் வகுத்தார். குலமுறை கூறுவது பெருமை பேசுவதற்காக மட்டும் அன்று. ஒருவர் எந்த மண்ணிலே வேரூன்றினார், முன்னோரிடமிருந்து எதைப் பெற்றார், பெற்றதைக் கொண்டு என்ன செய்தார் என்று அளந்து பார்ப்பதற்கும் அது துணை செய்கிறது. இலங்கையின் தேசிய வீரர்களுள் ஒருவராகப் போற்றப்படும் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் குலத்தையும் இளமையையும் அந்த நோக்குடன் ஆராய்தல் பயன் தருவதாகும்.

அருணாசலத்தின் தாய்வழிப் பாட்டனார் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. அவர் யாழ்ப்பாணத்து வடமராட்சியிலே, தொண்டைமானாற்றை அடுத்த கெருடாவில் என்னும் சிற்றூரில் 1783ஆம் ஆண்டு பிறந்தவர். ஒல்லாந்தரின் ஆட்சி நீங்கி ஆங்கிலேயரின் ஆட்சி நிலைபெற்ற காலத்திலே அவர் கொழும்புக்கு வந்து, அரசாங்கத்து மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து முதலியார் பதவியைப் பெற்றார்.

மொழிபெயர்ப்பாளர் பதவியை இக்காலத்தார் சிறிய பதவியென்று எண்ணக்கூடும். அக்காலத்தில் நிலைமை வேறு. ஆளவந்தவருக்கு நாட்டு மொழி தெரியாது. ஆளப்பட்டவருக்கு ஆள்வோரின் மொழி தெரியாது. இருவருக்கும் நடுவே நின்றவர் மொழிபெயர்ப்பாளரே. தேசாதிபதியின் எண்ணத்தை முதலில் அறிபவரும், குடிமக்களின் குறையை முதலில் கேட்பவரும் அவரே. ஆகவே அப்பதவியிலே செல்வாக்கும் இருந்தது. ஆள்வோரின் நம்பிக்கையைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயமும் இருந்தது. குமாரசுவாமி முதலியார் அந்த நம்பிக்கையைப் பெற்றிருந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1818இல் கண்டி நாட்டார் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி கடுமையாக அடக்கப்பட்டது. அதற்கு மறு ஆண்டு, 1819இல், தேசாதிபதி பிறவுண்றிக் குமாரசுவாமி முதலியாரின் சேவையைப் பாராட்டித் தங்கப் பதக்கம் அளித்தார்.

அந்தப் பதக்கத்தை மறைத்துவிட்டு இக்குடும்பத்தின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. மலைநாடு ஆங்கிலேயரின் வசமான பின்னரே அங்குள்ள காடுகள் முடிக்குரிய நிலங்களாக்கப்பட்டுத் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. காடு அழிந்த இடத்திலே கோப்பி வந்தது. கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து கூலியாட்கள் வந்தனர். பாட்டனார் பதக்கம் பெற்ற ஆட்சியின் விளைவுகளுள் ஒன்றைத் திருத்துவதற்குப் பேரனார் தம் முதுமையில் முன்வர நேர்ந்தது. இந்த முரண்பாட்டிலேதான் அருணாசலத்தின் பெருமை விளங்குகிறது.

1833ஆம் ஆண்டிலே இலங்கையில் சட்டநிரூபணசபை அமைக்கப்பட்டது. அதிலே தமிழரின் பிரதிநிதியாக 1835இல் நியமனம் பெற்றவர் குமாரசுவாமி முதலியார். அடுத்த ஆண்டே அவர் காலமானார். அவருடைய மகன் முத்துக்குமாரசுவாமி அப்பொழுது மிகச் சிறு குழந்தை. மகள் செல்லாச்சி அம்மையாரை மணந்தவர் மானிப்பாயைச் சேர்ந்த பொன்னம்பலம் ஆவார்.

பொன்னம்பலமும் அரசாங்க சேவையிலேயே வளர்ந்தவர். கொழும்புக் கச்சேரியின் காசாளராக இருந்து, முதலியார் பட்டமும் பெற்றார். எனினும் அவருடைய பெயர் இன்றுவரை நிலைத்திருப்பது கச்சேரிப் பதவியினால் அன்று. கொழும்புக் கொச்சிக்கடையிலே 1857ஆம் ஆண்டளவில் அவர் எழுப்பிய சிவாலயத்தினாலேயே. பொன்னம்பலவாணேசுவரர் கோயில் என்று வழங்கும் அவ்வாலயத்தைப் பிற்காலத்திலே அவருடைய மகன் இராமநாதன் கருங்கல்லினாற் புதுப்பித்தார். ஆங்கிலமும் கிறித்தவமும் பதவிக்கு வழியென்று பலர் கருதிய காலத்தில், பதவியிலிருந்த ஒருவர் தம் செல்வத்தைச் செலவிட்டுத் தலைநகரிலே சைவக் கோயில் எழுப்பியமை கருதத்தக்கது. அந்த வீட்டிலே ஆங்கிலம் நுழைந்தது. ஆனால் திருநீறு வெளியேறவில்லை.

பொன்னம்பல முதலியாருக்கும் செல்லாச்சி அம்மையாருக்கும் ஆண்மக்கள் மூவர். மூத்தவர் குமாரசுவாமி 1849இலும், அடுத்தவர் இராமநாதன் 1851இலும், இளையவர் அருணாசலம் 1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாளிலும் பிறந்தனர். மூவருமே பிற்காலத்தில் நாடறிந்தவராயினர். தந்தையார் கட்டிய கோயில் எழுந்தபொழுது அருணாசலத்துக்கு வயது நான்கு. கோயில் மணியோசையும் தேவாரப் பண்ணும் அவருடைய இளம் பருவத்துச் சூழலின் பகுதிகளாயின.

கொழும்பு மாளிகையிலே இப்பிள்ளை தவழ்ந்த அதே ஆண்டுகளில் இலங்கையின் வடபாதையிலே வேறொரு காட்சி நிகழ்ந்துகொண்டிருந்தது. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிப் புறப்பட்ட மக்கள், தோணிகளிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளையை நோக்கிக் கால்நடையாக நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. இறந்தோர் பாதையோரத்திலேயே விடப்பட்டனர், பிழைத்தோர் மலையேறினர். பின்னர் இம்மக்களின் வழித்தோன்றல்களும், அவர்களுக்குப் பின் வந்தோரும், களனிவெளியிலே தெஹியோவிட்ட, யட்டியந்தோட்டை, றுவான்வெல்ல முதலிய இடங்களைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும் குடியேறினர். அருணாசலம் பிறந்த நாளும் மாதமும் ஆண்டும் நமக்குத் தெரியும். அதே நாளிலே மன்னார்ப் பாதையோரத்து மரநிழலில் ஒரு குழந்தை பிறந்திருக்குமாயின், அதன் பெயரை எழுதி வைத்த ஏடு எதுவும் இல்லை.

அருணாசலம் கல்வி பயின்றது கொழும்பு அக்கடமியிலே. 1835இல், அவருடைய பாட்டனார் சட்டநிரூபணசபையில் அமர்ந்த ஆண்டிலேயே, தொடங்கப்பட்ட அக்கல்விக்கூடம் பின்னர் அரசாங்கப் பாடசாலையாகி, 1881இல் றோயல் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. கலாநிதி போக் என்பவர் 1842 முதல் 1870 வரை அதன் அதிபராக விளங்கினார். இராமநாதன் சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிலும் பயின்றார். அருணாசலமோ தமது பள்ளிப் பருவத்தைக் கொழும்பிலேயே கழித்தார். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகிய பல இனத்துப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்து படித்த இடம் அது. பிற்காலத்தில் இலங்கையர் அனைவரையும் ஓர் அணியில் திரட்ட முயன்றவருக்கு, அத்தகைய கூட்டுறவு இளமையிலேயே பழகிப்போன ஒன்று.

இல்லத்திலே மற்றொரு பள்ளியும் இருந்தது. அதுவே தாய்மாமன் முத்துக்குமாரசுவாமியின் வாழ்க்கை. அவர் இங்கிலாந்து சென்று, 1863இல் பாரிஸ்டராக அங்கீகாரம் பெற்றார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதன்முறை. அரிச்சந்திரன் கதையை ஆங்கிலத்திலே ஆக்கி வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே. பௌத்த நூல்களான சுத்தநிபாதத்தையும் தாதாவம்சத்தையும் பின்னர் அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். சைவராகப் பிறந்து பௌத்த நூலைப் போற்றி, ஆங்கிலேயரின் மன்றத்திலே நிமிர்ந்து நின்ற மாமனை மருகர் மூவரும் கண்டு வளர்ந்தனர். பாட்டனார் ஆள்வோருக்கு மொழிபெயர்த்தார். மாமனார் நம்மவரின் நூல்களை உலகுக்கு மொழிபெயர்த்தார். தொழில் ஒன்றே, நோக்கம் மாறிவிட்டது. உலகப் புகழ்பெற்ற கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி இந்த மாமனின் மகனே.

அருணாசலம் பள்ளிச் சிறுவனாக இருந்தபொழுது அரசாங்கம் இயற்றிய இரண்டு சட்டங்களை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். முதலாவது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம். வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைக் குற்றவாளியாகக் கருதிச் சிறையிலடைக்க அது இடமளித்தது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டுச் சென்றவன், கடனைத் தீர்க்காத ஒப்பந்தக்காரனாக மட்டும் கருதப்படவில்லை. தண்டனைக்குரிய குற்றவாளியாகவும் நடத்தப்பட்டான். அச்சட்டம் பிறந்த சபையிலே தோட்டத் தொழிலாளிக்காகப் பேசுவதற்கென்று ஓர் ஆசனமும் இருக்கவில்லை. அருணாசலத்துக்கு அப்பொழுது வயது பன்னிரண்டு. இரண்டாவது 1867ஆம் ஆண்டிலே வந்த பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். ஒரு சட்டம் தொழிலாளியைக் கட்டியது. மற்றொன்று குடிமக்களை ஏட்டில் எழுதியது. இச்சிறுவனின் பிற்கால வாழ்வு இரண்டு சட்டங்களோடும் பின்னிக் கிடந்தது.

1870ஆம் ஆண்டிலே ஆங்கிலப் பல்கலைக்கழகப் புலமைப்பரிசில் அருணாசலத்துக்குக் கிடைத்தது. பதினேழு வயதை எட்டிய இளைஞர் கடல் கடந்து, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கிறைஸ்ட் கல்லூரியிலே சேர்ந்தார். அதனோடு அவருடைய இளமைப் பருவம் முடிவடைகிறது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் கோப்பிச் செடிகளை அழித்த நோய் இலங்கையில் தோன்றியிருந்தது. இளைஞர் படித்துத் திரும்பி, பதவியில் உயர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளிலே கோப்பி அழிந்து தேயிலை தலையெடுத்தது. பயிர் மாறியது, 1865இன் சட்டம் மாறவில்லை.

1875இல் திறந்த போட்டிப் பரீட்சையிலே சித்தியெய்தி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர் அருணாசலமே. நீதிபதியாகப் பல ஊர்களில் இருந்தார். பின்னர்ப் பதிவாளர் நாயகமாகப் பணியாற்றினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை அவரே நடத்தி, அதன் அறிக்கையை இந்நாட்டு மக்களின் வரலாறாகவும் வாழ்க்கைச் சித்திரமாகவும் எழுதினார். பிறந்த நாள் முதல் குறித்து வைக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளை, குறித்து வைக்க ஒருவருமில்லாத இலட்சக்கணக்கான மக்களை எண்ணி எழுதும் பொறுப்பைத் தாங்கினார். தந்தையார் ஊட்டிய சைவ உணர்வும் அவரைவிட்டு நீங்கவில்லை. கேம்பிறிட்ஜிலே நண்பரான எட்வேட் கார்ப்பெண்டர் என்னும் ஆங்கில அறிஞர் 1890இல் இலங்கைக்கு வந்தபொழுது, தமிழ் ஞானி ஒருவரிடம் உபதேசம் கேட்கும் வாய்ப்பு அருணாசலத்தின் நட்பினால் அவருக்குக் கிட்டியது.

1913இல் அருணாசலம் ஓய்வு பெற்றார். சேர் பட்டமும் பெற்றார். அத்துடன் நின்றிருந்தால், முதலியார் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையும் அரசாங்கத்தின் மதிப்பைப் பெற்றதென்று வரலாறு ஒரு வரியில் முடித்திருக்கும். ஆனால் அறுபது வயதுக்கு மேலேதான் அவருடைய பொதுவாழ்வு மலர்ந்தது. 1915இல் சமூக சேவைக் கழகத்தைத் தொடங்கினார். 1917இல் நாட்டின் அரசியல் தேவைகளைப் பற்றி அவர் நிகழ்த்திய சொற்பொழிவு சுயாட்சி கோரிய இயக்கத்துக்கு வித்தாயிற்று. 1919இலே இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தபொழுது அதன் முதல் தலைவர் அவரே.

அதே 1919ஆம் ஆண்டிலேயே இலங்கைத் தொழிலாளர் சேமநலக் கழகத்தையும் அவர் நிறுவினார். தோட்டத்திலே பிறந்து கேம்பிறிட்ஜ் வரை சென்று கற்ற பெரி. சுந்தரம் அப்பணியில் அவருடன் உழைத்தார். தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் சட்டப் பிரிவுகளையும், துண்டு முறையையும் ஒழிக்க வேண்டுமென்பதே அவர்களின் முதற் கோரிக்கை. துண்டு என்பது தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த சீட்டு. அந்தத் தொகையைப் புதிய துரை செலுத்தினாலன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. மனிதனுக்கு விலை குறித்த காகிதம் அது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தண்டனைப் பிரிவுகளும் அக்காலத்திலேயே நீங்கின. பன்னிரண்டு வயதுச் சிறுவனாக இருந்தபொழுது பிறந்த சட்டத்தின் வீழ்ச்சியை அறுபத்தெட்டு வயதை எட்டும் காலத்தில் அவர் கண்டார்.

அவர் கண்ட கனவுகள் யாவும் நிறைவேறவில்லை. பிரதிநிதித்துவம் பற்றிய பிணக்கினால் 1921இல் அவர் தேசிய காங்கிரசை விட்டு விலக நேர்ந்தது. தலயாத்திரையாகத் தமிழகம் சென்றவர் 1924ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் மதுரையிலே காலமானார். அவருடைய மறைவுக்குப் பின், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நோக்கித் தந்தையின் பிறப்புக்கும் பாட்டனின் பிறப்புக்கும் சான்று கேட்டது. முன்னோரின் பிறப்பை எழுதிய ஏடு பலரிடம் இல்லை. எனவே அவர்கள் நாடற்றவராயினர். அந்தக் குறையை முற்றாக நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. குலமுறை கூற முடியாமை குற்றமாகக் கருதப்பட்ட அவலம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

ஆகவே அருணாசலத்தின் குலமுறையைக் கற்கும் மாணவர் அதன் சிறப்பைக் கண்டு வியந்து நின்றுவிடலாகாது. செல்வமும் ஆங்கிலமும் செல்வாக்கும் அக்காலத்துக் கொழும்பிலே வேறு பல குடும்பங்களுக்கும் இருந்தன; அவற்றைக் காத்துக்கொண்டே பலர் வாழ்ந்து மறைந்தனர். அருணாசலமோ பாட்டனாரின் மொழித் திறனையும், தந்தையாரின் பக்தியையும், மாமனாரின் துணிவையும் ஒருங்கே பெற்று, தமக்கு உறவும் இல்லாத, வாக்குரிமையும் இல்லாத மக்களுக்காக அவற்றைச் செலவிட்டார். தோட்டப் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவருக்கு அவருடைய வரலாற்றைச் சொல்லும்பொழுது, அம்மாணவரின் பாட்டன் பாட்டியரின் பெயர்களையும், அவர்கள் வந்த ஊரையும் வழியையும் கேட்டு எழுதி வைக்கச் செய்வார்களாக. மக்களை எண்ணி எழுதிய அப்பெரியாருக்குச் செய்யத்தக்க நன்றிக்கடன் அதுவே.