பதின்மூன்று ஆண்டுத் தவம்: ஆல்பெர்ட் கால்மெட்

தமிழ்த்துறை மலரில் பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் வரலாறு எதற்கு என வினவுவார் உளர். நம்முள் பலருடைய இடத் தோளில் சிறு தழும்பு ஒன்று உண்டு. அதனை இட்ட மருந்தின் பெயரில் இம்மனிதரின் பெயர் மறைந்து கிடக்கிறது. பி.சி.ஜி. என்னும் மூன்றெழுத்துகளுள் நடுவெழுத்துக் கால்மெட்டைக் குறிப்பது. இறுதியெழுத்து அவர்தம் துணைவர் காமில் கெரேனைக் குறிப்பது.

ஆல்பெர்ட் கால்மெட் 1863ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 12ஆம் நாள் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் பிறந்தார். கடற்படை மருத்துவராகி ஆங்காங், காபோன் முதலிய இடங்களில் பணியாற்றினார். பின்னர் லூயி பாஸ்டரின் கூடத்தில் நுண்ணுயிரியல் பயின்று, 1891இல் சைகோன் நகரில் பாஸ்டர் ஆய்வுநிலையத்தை நிறுவினார். அங்கு வெள்ளத்தால் ஊருக்குள் புகுந்த நாகங்கள் மக்களைத் தீண்டி உயிர் குடிக்கவே, நச்சு முறிக்கும் ஊநீரை உருவாக்கும் முயற்சியில் இறங்கி வெற்றியும் கண்டார். அஃதொன்றே அவர் புகழுக்குப் போதும். ஆயினும் அவர் அங்கு நின்றுவிடவில்லை.

1895இல் லீல் நகரப் பாஸ்டர் நிலையத்தின் தலைமையை ஏற்றார். அது நெசவாலைகள் நிறைந்த ஊர். தொழிலாளர் குடியிருப்புகளில் எலும்புருக்கி நோய் குடும்பம் குடும்பமாக அழித்து வந்தது. 1882இல் இராபர்ட் கோக் அந்நோயின் நுண்ணுயிரியைக் கண்டறிந்திருந்தார். எனினும் 1890இல் அவர் அறிவித்த மருந்து பயனளிக்கவில்லை. பகைவன் இன்னான் எனத் தெரிந்தும் படைக்கலம் இல்லாத நிலை அது.

கால்நடை மருத்துவரான கெரேன் 1897இல் வந்து சேர்ந்தார். மாட்டின் காசநோய் நுண்ணுயிரியைக் கிளிசரின் கலந்த உருளைக்கிழங்கில் வளர்த்தபோது அது கட்டி கட்டியாகத் திரண்டு ஆய்வுக்கு இடையூறு செய்தது. அதனைத் தவிர்க்கவே மாட்டுப் பித்தநீரைச் சேர்த்தனர். நாளடைவில் நுண்ணுயிரியின் கொடுமை தணிந்து வருவதைக் கண்டனர். தேடிச் சென்றது ஒன்று, கைக்கு வந்தது மற்றொன்று! கண்டதைக் கைவிடாமல் பற்றிக்கொண்டதே அவர்தம் பெருமை என்பது நம் துணிபு. 1908 முதல் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புதிய கிழங்குத் துண்டுக்கு அதனை மாற்றி வளர்த்தனர். இவ்வாறு 230 முறை, பதின்மூன்று ஆண்டுகள்.

அவ்வாண்டுகள் அமைதியானவை அல்ல. 1914இல் கால்மெட்டின் உடன்பிறந்தாரும் லெ பிகாரோ நாளிதழின் ஆசிரியருமான காஸ்டன், அமைச்சர் ஒருவரின் மனைவியால் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டே செருமானியப் படை லீலைக் கைப்பற்றியது. கிழங்கின் விலை ஏறியது. பித்தநீர் கிடைப்பது அரிதாயிற்று. செருமானியக் கால்நடை மருத்துவர்களிடம் அதனைப் பெற்று வளர்ப்பைத் தொடர்ந்தனர். போரின் இறுதியாண்டில் கால்மெட்டின் துணைவியார் பணயக் கைதியாகச் செருமனிக்குக் கொண்டு செல்லப்பட்டார். இத்தனைக்கும் இடையே அக்குழாய்கள் வற்றாமல் காக்கப்பட்டன என்பதை எண்ணுந்தோறும் நாம் வியக்கிறோம்.

1921இல் பாரிசு நகரில் ஒரு குழந்தை பிறந்தது. தாய் காசநோயால் பிரசவத்திற்குப் பின் இறந்தாள். வளர்க்கவிருந்த பாட்டியும் அந்நோயுடையவள். மருத்துவர் வெய்ல்-ஆலே அக்குழந்தைக்கு வாய்வழியாக இம்மருந்தை அளித்தார். குழந்தை நோயின்றி வளர்ந்தது. 1924 முதல் 1928 வரை ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் குழந்தைகள் இதனைப் பெற்றனர்.

பின்னர் வந்தது லூபெக் துயரம். செருமனியின் அந்நகரில் 1929, 1930ஆம் ஆண்டுகளில் மருந்து அளிக்கப்பெற்ற சுமார் 250 குழந்தைகளுள் 72 பேர் காசநோயால் மாண்டனர். உலகம் கால்மெட்டை நோக்கி விரல் நீட்டியது. தணிந்த நுண்ணுயிரி மீண்டும் கொடுமை பெற்றுவிட்டதோ என்னும் ஐயம், அவர் வாழ்நாள் உழைப்பையே வீழ்த்திவிடும் போலிருந்தது. ஆய்வின் முடிவில் உண்மை வெளிப்பட்டது. பாரிசிலிருந்து சென்ற வித்து பழுதற்றது. லூபெக் ஆய்வுக்கூடத்தில் வைத்திருந்த வீரியமிக்க காசநோய் நுண்ணுயிரி அதனுடன் கலந்துவிட்டது. 1932இல் அங்கிருந்த மருத்துவர் இருவர் சிறைத்தண்டனை பெற்றனர். பழி நீங்கியது, முதியவரை வாட்டிய துயரம் நீங்கவில்லை. 1933 அக்டோபர் 29இல் அவர் மறைந்தார்.

இம்மருந்துக்கு எல்லையுண்டு என்பதையும் மாணவர்கள் அறிதல் வேண்டும். அதனை உலகுக்குத் தெளிவாக உணர்த்திய இடங்களுள் ஒன்று நம் செங்கற்பட்டு மாவட்டமே. 1968இல் அங்குத் தொடங்கி இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களிடம் நடைபெற்ற ஆய்வு, பெரியோர்க்கு வரும் நுரையீரல் காசநோயை இது தடுக்கவில்லை எனக் காட்டியது. ஆனால் பச்சிளங் குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் கொடிய காசநோயினின்று இது காக்கிறது. அதனாலேயே நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் இன்றும் இதனை இடுகின்றனர். சென்னைக் கிண்டியில் 1948இல் தோன்றிய பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் அவ்வித்தை நம் மண்ணிலேயே பெருக்கத் தொடங்கியது. பெரியோரையும் காக்கவல்ல புதிய மருந்தாக எம்72 என்பதன் மூன்றாம் கட்டச் சோதனை 2024இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியுள்ளது.