ரப்பர் தோட்டத்து டாக்டர்



போன செமஸ்டர் இண்டர்ன்ஷிப் முடிந்து வீட்டுக்குப் போன அன்று அப்பாவிடம் கோபமாகப் பேசிவிட்டேன். நீங்க சொன்னீங்கன்னுதான் எஞ்சினியரிங் எடுத்தேன், எனக்கு இதுல மனசே ஒட்டல என்று கொட்டிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டார்.

காம்பாருக்குத் திரும்பிய வாரத்தில், இளைஞர் வகுப்பில் சுவாமி சிவானந்தரைப் பற்றிப் பேச என் முறை வந்தது. காவி, யோகா, ரிஷிகேஷ் ஆசிரமம். அதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். படிக்கப் படிக்க ஆச்சரியம். அந்தச் சாமியார் பத்து வருஷம் நம்ம நாட்டில் வேலை பார்த்தவர், அதுவும் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில்! என் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அதனால் அந்த வரியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

1887 செப்டம்பர் 8-ஆம் தேதி, திருநெல்வேலி பக்கம் பத்தமடையில் பிறந்தார். பாய்க்குப் பேர் போன அதே பத்தமடைதான். இயற்பெயர் குப்புசாமி. தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். மற்ற மாணவர்கள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, இவர் ஆஸ்பத்திரியிலேயே தங்கித் தொழில் கற்றார். 1909-இல் 'அம்புரோசியா' என்ற மருத்துவப் பத்திரிகையைத் தானே தொடங்கி நடத்தினார். அப்போது வயது 22, கிட்டத்தட்ட நம்ம வயசுதான்.

1913-இல் கப்பல் ஏறி மலாயா வந்தார். சிரம்பான் பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் சுமார் ஏழு ஆண்டுகள், பிறகு ஜொகூர் பாருவில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தார். மலேரியா தோட்டங்களை வாட்டிய காலம் அது. ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுத்தார். சிலருக்குச் செலவுக்கும் தன் பையிலிருந்தே கொடுத்து அனுப்பினார். நல்ல சம்பளம், நல்ல பெயர், எல்லாமே இருந்தது.

ஆனாலும் உள்ளுக்குள் ஒரு கேள்வி அரித்தது. உடம்பு நோய்க்கு மருந்து இருக்கிறது. மனிதனின் மற்ற துன்பங்களுக்கு என்ன மருந்து? அவர் நிர்வாகத்தைக் குறை சொல்லவில்லை, தொழிலையும் திட்டவில்லை. கேள்வி தன்னுடையது, பதிலையும் தானே தேட வேண்டும் என்று புரிந்துகொண்டார். 1923-இல் வேலையை விட்டு இந்தியா திரும்பினார். 1924 ஜூன் 1-ஆம் தேதி ரிஷிகேஷில் சந்நியாசம் பெற்றார்.

என்னை உலுக்கியது அதற்கு அடுத்து வந்த பகுதிதான். காவி கட்டிய பிறகும் அவர் டாக்டர் தொழிலைத் தூக்கிப் போடவில்லை. லட்சுமண் ஜூலாவில் நோயாளிச் சாதுக்களுக்கும் யாத்திரிகர்களுக்கும் வைத்தியம் பார்த்தார். தஞ்சாவூரில் கற்றதும் தோட்டத்தில் பழகியதும் கங்கைக் கரையில் உதவின. 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். நம்ம பத்துமலையிலும் அதன் ஆசிரமம் இருக்கிறது. ஏறத்தாழ 300 நூல்கள் எழுதிவிட்டு, 1963 ஜூலை 14-ஆம் தேதி மகாசமாதி அடைந்தார்.

எஞ்சினியரிங் மாணவர்களுக்காக இன்னொரு விஷயம். விமானப்படைத் தேர்வில் எட்டு பேரை எடுத்தபோது ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்த ஓர் இளைஞர், மனம் உடைந்து ரிஷிகேஷுக்குப் போய் இவரைப் பார்த்தார். தோல்வியை ஏற்றுக்கொண்டு உன் உண்மையான பாதையைத் தேடு என்ற பொருளில் சுவாமி அவருக்கு ஆறுதல் சொன்னார். அந்த இளைஞர்தான் அப்துல் கலாம். பைலட் ஆகாதவர், பிறகு ராக்கெட் விட்டார்.

இதைப் படித்துவிட்டு எல்லாரும் படிப்பை விட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்று நான் சொல்லவில்லை. பிடிபிடிஎன் கடன் இருக்கிறது, வீட்டில் தம்பி தங்கை இருக்கிறார்கள். சிவானந்தரும் இரண்டு மாதத்தில் சலித்துப்போய் ஓடவில்லை. பத்து வருஷம் முழு மனசோடு வேலை செய்த பிறகுதான் முடிவெடுத்தார். நான் பத்து வாரத்திலேயே அப்பா மேல் பழியைப் போட்டுவிட்டேன். அந்த இண்டர்ன்ஷிப்பில் கொடுத்த வேலையைத் தவிர ஒரு கேள்வியாவது நானாகக் கேட்டேனா? இல்லை.

வகுப்பில் பேசி முடித்த அன்று இரவே அப்பாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டார். மறுநாள் விரிவுரையாளரைப் பார்த்து, இறுதியாண்டு புராஜெக்டை நானே தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்டேன். முதலில் ஒரு பட்டியல் எழுதிக் கொண்டு வா என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்தப் படிப்பு எனக்குப் பிடிக்குமா என்று இன்னும் தெரியாது. ஆனால் அதைக் கண்டுபிடிக்க வேண்டியது அப்பா இல்லை, நான்தான்.

உங்கள் பட்டியலில் என்ன இருக்கிறது, நண்பர்களே?