துப்புய் அடிகளார்

விசுவாசம் மட்டும் போதுமா, நற்செயலும் வேண்டுமா என்பது கிறித்தவ உலகின் நெடுநாள் வழக்கு. இரட்சிப்பு இறைவனின் இலவசக் கொடை. அதை ஏற்ற விசுவாசம் நற்செயலாய்க் கனிய வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. அப்போதனையைப் புதுவை மண்ணில் வாழ்ந்து காட்டியவர் லூயி சவினியன் துப்புய் அடிகளார்.

1806இல் பிரான்சில் பிறந்த இவர், 1832இல் புதுவை வந்தார். தமிழ் கற்றார், மிஷன் அச்சகத்தின் வழியே நூல்கள் வெளியிட்டார், முசே அடிகளாருடன் தமிழ்–பிரெஞ்சு அகராதி இயற்றினார். பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்றிருந்த காலத்தில், 1844இல் கன்னியர் சபையொன்றை நிறுவிப் பெண்கல்விக்கு வழி திறந்தார். செபமாலை உருட்டிய விரல்கள் ஏடும் புரட்டத் தொடங்கின. 1874இல் இறைவனடி சேர்ந்தார்.

என் தாயார் கைநாட்டு வைப்பவர். ஆதலால், ஒரு பெண்ணுக்கு எழுத்தறிவித்தல் எத்துணைப் பெரிய நற்செயல் என்பதை நானறிவேன்.