தோற்றவர் நடந்த இரவு

ஹியூபர்ட் ஹம்ஃப்ரி 1965 முதல் 1969 வரை அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக இருந்தவர். எனக்கோ, மேற்கு வர்ஜீனியாவில் தோற்ற ஹம்ஃப்ரியைத்தான் அதிகம் பிடிக்கும்.

1911-இல் தெற்கு டகோட்டாவில் மருந்துக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். மெதடிஸ்டு சபையில் வளர்ந்தார். 1948-இல் கட்சி மாநாட்டிலே கறுப்பின மக்களின் உரிமைக்கு வாதாடிப் புகழ் பெற்றார்.

1960-இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் கென்னடியை எதிர்த்தார். கென்னடி கத்தோலிக்கர், அம்மாநில மக்களோ பெரும்பாலும் புராட்டஸ்டண்டுகள். மதத்தைக் கிளறி வாக்குச் சேர்ப்பது எத்தனை எளிது! ஹம்ஃப்ரி அதற்கு இணங்கவில்லை. கென்னடி தனி விமானத்தில் பறந்தார். இவர் பேருந்தில் ஊர் ஊராகச் சுற்றினார். போர்க்காலத்தில் படையில் சேராது தப்பியவர் என்று எதிரணியினர் பழி சுமத்தினர். உண்மையில் உடற்குறை கண்டு படையினரே இவரை ஏற்கவில்லை.

மே 10 இரவு தோல்வி உறுதியாயிற்று. கென்னடியின் தம்பி ராபர்ட் இவரது விடுதிக்கு வந்தார். போட்டியிலிருந்து விலகிய ஹம்ஃப்ரி, அவருடன் மழையிலே நடந்துபோய் வென்றவரை வாழ்த்தினார். மனத்தில் கசப்பு இருந்திருக்கும், இருந்தும் போனார். அவர் கற்ற கிறித்தவ நெறியை அந்த நடையில்தான் நான் காண்கிறேன்.

1968-இல் நிக்சனிடமும் தோற்றார். புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நாட்களில் அந்த நிக்சனைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினார். 1978 ஜனவரி 13-இல் ஹம்ஃப்ரி மறைந்தார். வாஷிங்டனில் நடந்த அஞ்சலிக்கு நிக்சனும் வந்திருந்தார்.