கண்டறியக் கற்பித்த ஆசான்

ஆர்ம்ஸ்ட்ராங் என்றதும் 1969-ல் நிலவில் கால் பதித்தவரே நம் நினைவுக்கு வருவார். அதே பெயர் கொண்ட வேறொருவர், பள்ளிச் சிறுவர்களை ஆய்வகத்துக்குள் அழைத்துச் சென்ற பெருமைக்குரியவர். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் அறிந்த ‘கண்டறி முறை’யை வளர்த்தெடுத்துப் பள்ளிகளில் பரப்பிய ஹென்றி எட்வர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்னும் ஆங்கில வேதியியல் அறிஞரே அவர்.

1848-ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த லூயிஷாமில் பிறந்த அவர், 1865-ல் இராயல் வேதியியல் கல்லூரியில் சேர்ந்தார். காலரா இலண்டன் மக்களை வாட்டிய காலம் அது. குடிநீரில் கலந்துள்ள கழிவுப் பொருள்களை அளந்தறிய வழிகாணும் ஆராய்ச்சியில் அவருடைய ஆசிரியர் எட்வர்ட் பிராங்க்லண்ட், இந்த இளைஞரையும் ஈடுபடுத்தினார். எந்தப் புத்தகத்திலும் விடை இல்லாத கேள்வி அது! விடையைத் தேடிக் கண்டடைவதே கல்வி என்னும் எண்ணத்துக்கு அங்கேயே வித்து விழுந்தது எனலாம். பின்னர் ஜெர்மனி சென்று, லைப்சிக் நகரில் கோல்பே என்னும் பேரறிஞரிடம் பயின்று, 1869-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பிய அவரைப் பதவிகள் தேடி வந்தன. 1871-ல் பேராசிரியர், 1876-ல், 28 வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினர். நாப்தலீன் பற்றிய அவருடைய ஆராய்ச்சிகள் சாயத் தொழிலுக்குத் துணை நின்றன. ஆயினும் அவர் உள்ளத்தை உறுத்திய கவலை ஒன்று உண்டு. அன்றைய பள்ளிகளில் அறிவியல் என்பது பெரும்பாலும் ஆசிரியர் சொல்ல, மாணவர் மனப்பாடம் செய்வதாகவே இருந்தது. இந்நிலையை மாற்ற 1884 முதல் மேடைதோறும் வாதாடினார்.

அவர் காட்டிய வழி எளியது. இரும்பு துருப்பிடிக்கிறது. இதற்கு விளக்கம் சொல்லாதீர்கள். கேள்வியை மட்டும் மாணவனிடம் கொடுங்கள். துருப்பிடித்தால் எடை கூடுமா, குறையுமா? தராசில் நிறுத்துப் பார்க்கட்டும். எடை கூடுகிறது! கூடியது எங்கிருந்து வந்தது? ஈர இரும்புத்தூளை ஒரு குடுவைக்குள் வைத்து, நீரின்மேல் கவிழ்த்துப் பார்க்கட்டும். சில நாட்களில், உள்ளிருந்த காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, அந்த இடத்துக்கு நீர் ஏறியிருக்கும். காற்றின் ஒரு பகுதிதான் இரும்போடு சேர்ந்தது என்று அவனே முடிவு கட்டுவான். ஆக்சிஜன் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும். ஆர்க்கிமிடீஸ் கூவியதாகச் சொல்லப்படும் ‘யுரேகா’ பிறந்த கிரேக்க வேரிலிருந்தே இம்முறையின் ஆங்கிலப் பெயரும் பிறந்தது.

1902-ல் ஹார்ஷாமுக்கு இடம் மாறிய கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் புகழ்பெற்ற பள்ளியில், அவர் கருத்துப்படியே ஆய்வகங்கள் அமைந்தன. மறு ஆண்டு, அறிவியல் முறையைக் கற்பிப்பது பற்றிய அவரது நூல் வெளிவந்தது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. மனித குலம் பல நூற்றாண்டுகளில் கண்டதை ஒரு சிறுவன் சில ஆண்டுகளில் கண்டுவிட முடியுமா என்று கேட்டனர். ஜே. ஜே. தாம்சன் தலைமையில் அமைந்த அரசுக் குழுவின் 1918-ஆம் ஆண்டு அறிக்கை, பல பள்ளிகளில் ஆய்வகத்தில் செலவாகும் நேரத்துக்கு ஈடான பயன் இல்லை என்றே கருதியது. இதில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் கண்டறிந்தே கற்பது இயலாது. எதையுமே கண்டறியாமல் கற்பது கல்வியும் ஆகாது.

வியப்பு என்னவென்றால், கேள்வி கேட்கக் கற்பித்த இவரே, அரீனியஸின் அயனிக் கொள்கையை இறுதிவரை ஏற்கவில்லை. காலம் அரீனியஸின் பக்கம் நின்றது. பேரறிஞரும் தவறுவார், ஆகவேதான் ஆசான் சொன்னாலும் சோதித்துப் பார் என்கிறது அவர் வகுத்த முறை! 1937-ல் அவர் மறைந்தார்.

நண்பர்களே! செய்முறை வகுப்பில் நாம் என்ன செய்கிறோம்? வரவேண்டிய விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அளவீடுகளைப் பின்னால் எழுதி ரெக்கார்டு நோட்டை நிரப்பியவர் நம்முள் எத்தனை பேர்! இக்கட்டுரையை எழுதுபவனும் அவர்களில் ஒருவனே. நம்மில் பலர் நாளை ஆசிரியராகப் போகிறவர்கள். தராசு காட்டிய எடையை, அது தவறாகவே தோன்றினாலும், அப்படியே எழுதி, ஏன் என்று கேட்கும் துணிவு இன்று நமக்கு வரவில்லையென்றால், நாளை நம்மிடம் பயிலும் பிள்ளைகளுக்கு அதை எங்கிருந்து கொடுப்போம்?