மேடையில் பாடிய மீனாட்சி அம்மாள்

கோ. நடேசய்யரைப் பற்றிப் பேசும்போது துணைவியார் மீனாட்சி அம்மாளை ஒரு வரியில் முடித்துவிடுகிறோம், அது நியாயமில்லை. 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகைப் பணியில் பங்கேற்றுப் பெண்ணுரிமை பற்றி எழுதினார். தோட்டத்தில் வாசிக்கத் தெரியாதவர்களே அதிகம், பெண்களில் இன்னும் அதிகம். ஆகவே பாடினார். கங்காணிக்கும் துரைக்கும் பயந்து வாழ்ந்த பெண்கள், ஒரு பெண்ணே மேடையேறித் தங்கள் மக்களின் துயரத்தைப் பாடக் கேட்டார்கள். 1940இல் அவருடைய பாடல்கள் நூலாயின.

1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைவுதான். சம சம்பளம் வர 1984 ஆயிற்று. கலவானத் தோட்டங்களில் கொழுந்தெடுத்த நம் அம்மாயிமார் அந்தக் குறைந்த பேருக்கு உழைத்தவர்கள்.

இன்றும் கிளினிக்குக்கு வரும் தோட்டத்துத் தாய்மார் அடிபட்டதைச் சொல்வதில்லை, இடுப்புவலி என்பார்கள். பக்கத்தில் இன்னொரு பெண் இருந்தால், மெல்லச் சொல்வார்கள்.