கணிதத்துக்குப் புது வழி கண்ட தில்லி ஆசிரியர்

புது தில்லி: மேல்நிலைப் பள்ளியில் கணிதம் பயிலும் மாணவர்கள், ஓர் அளவின் பெரும மதிப்பையும் சிறும மதிப்பையும் காண்பதற்கு வகை நுண்கணிதத்தைப் பயன்படுத்துகின்றனர். அந்தக் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றி, இயற்கணிதத்தைக் கொண்டே தீர்க்க முடியும் என 1850-ல் நூல் எழுதி நிறுவியவர் தில்லிக் கல்லூரி ஆசிரியர் ராமச்சந்திரா. மாணவன் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து அறியாததற்கு அவனை அழைத்துச் செல்ல வேண்டும் என்பதே அவரது முயற்சியின் அடிப்படை.

பானிப்பட்டில் 1821-ல் பிறந்தவர் ராமச்சந்திரா. வருவாய்த் துறையில் பணியாற்றிய தந்தை, மனைவியையும் ஆறு மகன்களையும் விட்டுவிட்டுக் காலமானபோது ராமச்சந்திராவுக்குச் சுமார் பத்து வயது. 1833-ல் தில்லியில் உள்ள ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தார். அங்கு கணிதத்துக்குத் தனிக் கவனம் அளிக்கப்படவில்லை. கிடைத்த நூல்களைக் கொண்டு வீட்டிலேயே கணிதம் பயின்றார்.

பதினோரு வயதில் அவருக்கு வசதியான குடும்பத்துப் பெண்ணுடன் திருமணம் நடத்தி வைக்கப்பட்டது. மணமகள் காது கேளாத, வாய் பேச இயலாத சிறுமி என்பது பின்னரே தெரியவந்தது. குடும்பச் சுமை காரணமாகப் படிப்பை நிறுத்திச் சில ஆண்டுகள் எழுத்தராகப் பணிபுரிந்த அவர், 1841-ல் மீண்டும் படிப்பைத் தொடர்ந்தார்.

உருது மொழியில் அறிவியல்

தில்லிக் கல்லூரியின் கீழைமொழிப் பிரிவில் 1844-ல் அறிவியல் ஆசிரியராக அவர் நியமிக்கப்பட்டார். பயிற்று மொழி உருது. ஆனால் நவீனக் கணிதத்துக்கு அந்த மொழியில் போதிய பாடநூல்கள் இல்லை. இயற்கணிதம், முக்கோணவியல் தொடங்கி நுண்கணிதம் வரை பாடநூல்களை உருதுவில் ஆக்கும் பணியில் அவர் ஈடுபட்டார். காஷ்மீரி கேட் பகுதியில் தாரா ஷிகோவின் நூலகம் இருந்த கட்டடத்தில் அப்போது கல்லூரி இயங்கியது.

வகுப்பறையோடு அவர் நின்றுவிடவில்லை. அறிவியல், வரலாறு, சமூகச் சீர்திருத்தம் குறித்த கட்டுரைகளைத் தாங்கிய உருது இதழ்களையும் நடத்தினார். பூமியே பிரபஞ்சத்தின் அசையாத மையம் என்ற பழைய கொள்கையை உருது வழியில் பயின்ற மாணவர்களும் கேள்விக்கு உள்படுத்தினர். நகரத்தின் மரபுவழி அறிஞர்கள் பலருக்கு இது உவப்பாக இல்லை.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு

பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாஸ்கராச்சாரியார் எழுதிய பீஜகணிதத்தை ராமச்சந்திரா ஆழ்ந்து கற்றிருந்தார். இயற்கணிதம் இந்தியர்களுக்குப் பழக்கமானது. ஐரோப்பிய நுண்கணிதமோ அவரது மாணவர்களுக்கு முற்றிலும் புதிது. எனவே, பழக்கமான இருபடிச் சமன்பாட்டையே ஏணியாக்கி உயர்கணிதத்தை எட்ட முடியுமா என அவர் ஆராய்ந்தார்.

அவரது முறையை எளிய எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். 40 மீட்டர் கயிற்றைக் கொண்டு செவ்வக வடிவில் ஒரு நிலத்தைச் சுற்றி வளைக்க வேண்டும். எந்த அளவில் வளைத்தால் பரப்பு மிகுதியாக இருக்கும் என்பது கேள்வி. நீளமும் அகலமும் சேர்ந்து 20 மீட்டர். அவற்றின் பெருக்குத் தொகையே பரப்பு. ஒரு பக்கத்தைத் தெரியாத எண்ணாகக் கொண்டு இருபடிச் சமன்பாடு அமைத்தால், அதன் தீர்வில் 100-லிருந்து பரப்பைக் கழித்து வரும் எண்ணின் வர்க்கமூலம் இடம்பெறும். பரப்பு 100-ஐத் தாண்டினால் அந்த எண் எதிர்மறையாகிவிடும். மெய்யான தீர்வு கிடைக்காது. ஆகவே அதிகபட்சப் பரப்பு 100 சதுர மீட்டர். ஒவ்வொரு பக்கமும் 10 மீட்டர்.

இருபடிச் சமன்பாடு அறிந்த மாணவன் எவனும் இதைப் பின்தொடர முடியும். சூத்திரத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அந்த அளவுக்கு மேல் ஏன் செல்ல முடியாது என்ற காரணமும் அவனுக்குப் புலப்படும்.

மதுரையில் பிறந்தவரின் ஆதரவு

நூலைத் தமது சொந்தச் செலவில் கல்கத்தாவில் ராமச்சந்திரா வெளியிட்டார். பாராட்டுக்கு மாறாகக் கண்டனங்களே வந்தன. நுண்கணிதம் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு எனக் கருதியவர்கள் இருந்தனர். அவரது பேராசையே இந்த வீண்செலவுக்குக் காரணம் எனத் தில்லி நண்பர்களும் குறைகூறினர்.

கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபையில் சட்ட உறுப்பினராக இருந்த டிரிங்க்வாட்டர் பெத்யூன், நூலின் பிரதியை லண்டனில் இருந்த கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கனுக்கு அனுப்பினார். மதுரையில் 1806-ல் பிறந்தவர் டி மார்கன். இந்தியர்களின் சொந்த இயற்கணித மரபை உயிர்ப்பித்து, அதன் வழியே புதிய கல்வியை வளர்க்க இந்நூல் உதவும் என அவர் கருதினார். அவரது பரிந்துரையை ஏற்ற கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்கள், ராமச்சந்திராவுக்குப் பரிசாடையும் 2,000 ரூபாய் வெகுமதியும் வழங்க ஒப்புதல் அளித்தனர். டி மார்கனின் விரிவான முன்னுரையுடன் 1859-ல் நூல் லண்டனில் மறுபதிப்புக் கண்டது.

இருபுறமும் எதிர்ப்பு

இதற்கிடையே ராமச்சந்திராவின் வாழ்க்கையில் பெரும் புயல் வீசியது. 1852-ல் மருத்துவர் சமன் லாலுடன் சேர்ந்து அவர் கிறிஸ்தவ மதத்தைத் தழுவியது நகரில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. 1857 மே 11-ல் கிளர்ச்சிப் படையினர் தில்லியில் நுழைந்தபோது சமன் லால் கொல்லப்பட்டார். கல்லூரி முதல்வர் டெய்லரும் உயிரிழந்தார். கல்லூரி நூலகம் சூறையாடப்பட்டது. உறவினர்களால் மறைத்து வைக்கப்பட்ட ராமச்சந்திரா, நகரிலிருந்து தப்பி ஆங்கிலேயர் முகாமை அடைந்தார்.

ஆங்கிலேயர் தில்லியை மீட்ட பிறகும் அவருக்கு நிம்மதி கிட்டவில்லை. அரசுப் பணியில் இருந்தபோதும், இந்தியர் என்ற ஒரே காரணத்துக்காக ஆங்கிலேய அதிகாரிகளின் தாக்குதலுக்கு உள்ளானார். தமக்கு நேர்ந்த அவமதிப்பை ராணுவ நிர்வாகத்திடம் எழுத்து மூலம் முறையிட்டார்.

1858-ல் ரூர்க்கி தாம்சன் பொறியியல் கல்லூரியிலும், பின்னர் தில்லி மாவட்டப் பள்ளியிலும் தலைமை ஆசிரியராகப் பணியாற்றினார். உடல்நலக் குறைவால் ஓய்வு பெற்ற பின், பாட்டியாலா சமஸ்தானத்தின் கல்வித் துறைக்குப் பொறுப்பேற்றார். 1880-ல் காலமானார்.

நிலைக்காத முயற்சி

டி மார்கன் எதிர்பார்த்தவாறு ராமச்சந்திராவின் முறை பரவவில்லை. எல்லாவகைக் கணக்குக்கும் நுண்கணிதம் ஒரே பொதுவழியைத் தருகிறது. இயற்கணித முறையிலோ கணக்கு கடினமாகும்போது தனித்தனி உத்திகள் தேவைப்படுகின்றன. 1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்கள் ஆங்கிலவழிக் கல்வியையே முன்னிறுத்தின. 1990-ல் வெளியான ஆய்வில் துருவ் ரெய்னா, எஸ். இர்ஃபான் ஹபீப் ஆகியோர் இதனைப் பாதியில் கலைந்த கல்விமுறை எனக் கணித்தனர்.

ஆயினும் அவரது மாணவர்கள் வழியே பணி தொடர்ந்தது. அவர்களில் முக்கியமானவரான மௌல்வி ஜகாவுல்லா, ஏராளமான கணித நூல்களை உருதுவில் எழுதினார்.

குழந்தை கணித முறையில் சிந்திக்கப் பழகுவதே கணிதக் கல்வியின் முதன்மை நோக்கம் என 2005-ம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டம் வலியுறுத்தியது. இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. மாணவரின் மொழியிலேயே தொடங்கி, அதே மொழியில் நுண்கணிதம் வரை சென்றது தில்லிக் கல்லூரியின் வகுப்பறை. அதற்கான பாடநூல்களை ஆக்கித் தர ஓர் ஆசிரியர் முன்வந்ததால்தான் அது சாத்தியமாயிற்று.